ஏலகிரியில் நர்கிஸ் பூத்த ஞாயிறு

ஹுமேராவின் மூக்கு வாசனை அறியாமல் போனது எந்தத் தேதியில் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பார்வை குறைந்தால் மனிதர் படியில் தடுக்கி விழுவார். காது மந்தமானால் எதிரில் இருப்பவர் குரலை உயர்த்துவார். மூக்கு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடியது. போன பிறகும் அது முகத்தின் நடுவில் முன்போலவே இருக்கும், மூச்சும் விடும். உரியவர் வாயைத் திறந்து சொன்னாலொழிய ஊருக்குத் தெரியாது. ஹுமேரா ஏழு ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஆம்பூரில் பிறந்தவள். இருபது வயதில், 1998-ஆம் ஆண்டு, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் சேர்ந்தாள். வெட்டி வந்த தோலின் விளிம்பில் பிரஷ்ஷால் சொல்யூஷன் என்ற பசையைத் தடவி, அது பிசுபிசுக்கும்வரை பொறுத்து, மடித்து ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த மாதம் அந்த வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. மூன்றாம் மாதம் பழகிவிட்டது. இருபதாம் ஆண்டில் பழகுவதற்கு வாடை என்று ஒன்று இல்லாமலே போயிருந்தது.

அதை அவள் கண்டுகொண்ட நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. 2018, ரம்ஜான் நோன்புக்கு முந்தைய வாரம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டியபடி முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் கவுஸ் பாஷா தெருமுனையிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார்.

“இன்னாம்மா இது, தெரு பூரா கருகல் நாத்தம் அடிக்குது! நீ பக்கத்துலயே குந்தினு இருக்கிறியே!”

திரும்பிப் பார்த்தாள். பால் வற்றிப்போய்ப் பாத்திரம் கருத்திருந்தது. புகை அவள் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

“சளி புடிச்சிருக்குங்க” என்றாள்.

அது முதல் பொய். அடுத்த ஆண்டு விடாத இருமலுக்காக வேலூருக்குப் போனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “இனிமேல் சொல்யூஷன் பக்கமே போகாதீங்க, போனா நுரையீரல் தாங்காது” என்று எழுதியே கொடுத்தார். மூக்கைப் பற்றி அவரிடமும் அவள் சொல்லவில்லை. அந்தச் சீட்டைக் கம்பெனியில் காட்ட வேண்டியிருந்தது. இருமலைக் காட்டினால் வேறு பிரிவு கிடைக்கும், மூக்கும் போயிற்று என்று தெரிந்தால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். அப்படித்தான் பேக்கிங் பிரிவுக்கு வந்து சேர்ந்தாள். கொரோனா காலத்தில் தெருவில் பலருக்கும் வாசனை போய்த் திரும்பி வந்தபோது, தனக்கும் வந்துவிட்டது என்று அவளும் எல்லாரோடும் சேர்ந்து சந்தோஷப்பட்டாள்.

பேக்கிங்கில் நான்கு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. 2023 மழைக்காலத்தில் அனுப்பிய ஒரு கன்டெய்னர் சரக்கு பூஞ்சை பிடித்துவிட்டதென்று வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. கம்பெனியில் அதைப் பங்கஸ் என்பார்கள். உற்பத்தி மேலாளர் சுஹேல் அகமது பேக்கிங் பிரிவை நிற்க வைத்து ஒரே வரியில் உத்தரவு போட்டார்: “இனிமே ஒவ்வொரு பாக்ஸையும் மோந்து பாத்துட்டுத்தான் மூடணும்.”

அன்று ஹுமேரா வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஆனால் இருபத்தோரு ஆண்டுகள் தோலைத் தொட்ட விரல்கள் அவளைக் கைவிடவில்லை. ஷூவின் முன்முனைக்குள் கட்டைவிரலை விட்டால் ஈரம் ஏறிய லைனிங் உலர்ந்ததைவிட ஒரு சொட்டு குளிர்ந்திருக்கும். பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தின் நீல மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், மற்றவர் கண்ணுக்கு எட்டாத வெண்புள்ளி அவள் கண்ணுக்கு எட்டும். பெட்டியை முதலில் மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுப்பாள். பிறகு விரலை விடுவாள். எட்டு மாதங்களில், பிறர் தவறவிட்ட பதினொரு பெட்டிகளை அவள் பிடித்தாள். “ஹுமேராக்கா மூக்கு” என்பது பிரிவு முழுவதும் ஒரு பேச்சாகிவிட்டது.

ஆனாலும் ஒன்று உண்டு. தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே தொடங்கும் பங்கஸ் விரலுக்கு அகப்படாது, கண்ணுக்கும் தெரியாது. மட்கிய வாடை ஒன்றுதான் அதற்கு அடையாளம். தன் கையால் மூடிய பெட்டிகளில் அப்படி எத்தனை கடலேறிப் போயிருக்கும் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் ஹுமேரா வேலையை விரைவுபடுத்திக்கொள்வாள்.

2025 பிப்ரவரியில் புதிய ஏற்பாடு வந்தது. கன்டெய்னரில் ஏற்றும் முன் கடைசியாகச் சரக்கைப் பார்த்து விடுவதற்கு ஒரே ஒரு மேசை. அதில் ஒரே ஓர் ஆள். அந்த ஆளின் பெயரைப் பேக்கிங் சூப்பர்வைசர் பாரதி பதினேழாம் தேதி திங்கட்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு பிரிவுகளிலிருந்து வந்த மற்றவர்கள் அவரவர் பழைய பிரிவுக்கே திரும்ப வேண்டும். ஹுமேராவின் பழைய பிரிவு பேஸ்டிங். ஒன்று கடைசி மேசை, இல்லையென்றால் சொல்யூஷன் டப்பா. நடுவில் நிற்க இடமில்லை.

அந்த வாரத்தில்தான் ஏலகிரியிலிருந்து ராஜம்மாள் போன் செய்தாள். பேக்கிங்கில் ஹுமேராவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுவிட்டு மலைமேல் இருக்கும் தன் வீட்டுக்கே போய்விட்டவள். அவளுடைய மகன் கோபி ராணுவத்தில் இருந்தான். காஷ்மீரிலிருந்து அக்டோபரில் விடுப்பில் வந்தபோது, டிரங்குப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றி ஏதோ கிழங்குகளைக் கொண்டுவந்திருந்தான்.

“பூத்துடுச்சிடீ ஹுமேரா! அங்கல்லாம் வீட்டுக்கு வீடு தோட்டத்துல, பனி கரையறதுக்குள்ள மொத மொத எட்டிப் பாக்கற பூ இதானாம். நர்கிஸாம் பேரு. அய்யோ, இன்னா வாசனைங்கற! கேட்டைத் தொறந்தாலே மூஞ்சில அடிக்குது. பேக்கிங்குல எல்லாரையும் கூட்டிக்கினு ஞாயித்துக்கெழம வந்துடு.”

நர்கிஸ் என்ற பெயர் ஹுமேராவுக்குப் புதிதல்ல. உருதுவில் அழகான கண்ணுக்கு உவமை சொல்வது அந்தப் பூவைத்தான். பூவை அவள் பார்த்ததில்லை. முகத்தில் அடிக்கும் வாசனை என்று ராஜம்மாள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். மல்லிகைக்கும் அத்தருக்கும் திறக்காத மூக்கு ஒருவேளை அவ்வளவு பலமான ஒன்றுக்குத் திறக்கலாம் அல்லவா? அந்த ஆசையை அவள் கவுஸ் பாஷாவிடம்கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. பதின்மூன்று பெண்கள் ஒரு வேனில் ஆம்பூரிலிருந்து புறப்பட்டார்கள். சீரகச் சம்பா அரிசியும் கோழியும் மசாலாவும் பிரியாணி வேகும் பெரிய டேக்சாவும் பின்னால் ஏறின. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, கடைசியாகச் சேர்ந்தவளான ஷர்மிளா ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஊளை இட்டாள். இருபத்து நான்கு வயது. வாய் சும்மா இருக்காது.

“பாரதி மேடம், நாளைக்கு யார் பேரு எழுதப் போறீங்க? இப்பவே சொல்லிட்டா வேன்லயே பாட்டு போட்டுடலாம்.”

“உன் பேருதான். வண்டிய விட்டுக் கீழ தள்ளறவங்க லிஸ்ட்டுல” என்றாள் பாரதி. பிறகு ஹுமேராவைப் பார்த்துச் சிரித்தாள். முப்பத்தைந்து வயது, கறாரான பெண். அந்தச் சிரிப்பில் பாதி பதில் இருந்தது.

ஒன்பது மணிக்கும் மலையில் பனி விலகவில்லை. ராஜம்மாளின் வீட்டு முற்றத்தில் ரோஜாவும் டேலியாவும் துலுக்க சாமந்தியும் இருந்தன. அவற்றுக்கு நடுவே, புல்போல் நீண்ட இலைகளுக்கு மேலே, நாற்பது தண்டுகளில் நர்கிஸ் நின்றது. வெள்ளை இதழ் ஆறு. நடுவில் மஞ்சள் கிண்ணம். காற்றில்லாத அந்தக் குளிரில் ஒரு பூவும் அசையவில்லை. எல்லாம் கேட்டின் பக்கமே திரும்பியிருந்தன. இதற்குக் கண் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று ஹுமேரா நினைத்தாள். இமை கொட்டாத நாற்பது கண்கள் அவள் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவளுக்குப் பட்டது.

கேட்டைத் தாண்டியதும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக “ஆ!” என்றார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஹுமேரா குனிந்து, ஒரு பூவின் கிண்ணத்துக்குள் மூக்கு நுனி படும்படி வைத்து, நெஞ்சு விரிய மூச்சிழுத்தாள். குளிர்ந்த காற்று உள்ளே போயிற்று. வேறொன்றும் போகவில்லை.

“எப்படிக்கா?” என்றாள் ஷர்மிளா.

“மாஷா அல்லாஹ்” என்றாள் ஹுமேரா.

ராஜம்மாள் பெருமையில் பூரித்துப்போயிருந்தாள். “கோபி ரெண்டு கிலோ கொண்டாந்தான். பாதிதான் நட்டேன். எல்லாம் ஒரே சமயத்துல பூத்துத் தீந்துட்டா இன்னா பண்றது? மீதியக் குளுர்ச்சியில தூங்க வெச்சிருக்கேன். அங்க பனிக்கடியில தூங்கற மாதிரியே வெக்கணுமாம்.”

ஹுமேரா அதைக் கேட்டாள். கேட்டதை மனம் வாங்கிக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் ஷர்மிளா ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குள் தன் பெயர் அடிபட்டதில்தான் அவள் காது இருந்தது.

“ஹுமேராக்கா மூக்குக்கு இன்னைக்கு ஒரு டெஸ்ட்! கண்ணக் கட்டணும். பூவக் காட்டுவோம். எந்தப் பூன்னு சொல்லணும். மேடம்தான் ஜட்ஜு!”

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஹுமேரா சிரித்தபடி துப்பட்டாவைத் தானே எடுத்துக் கொடுத்தாள். ஷர்மிளா இறுக்கிக் கட்டினாள். கட்டிய துணிக்குள் ஹுமேரா தன் தோலை மட்டும் விழிக்க வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது மேல் உதட்டை உரசிற்று. பட்டுப்போன்ற மென்மை. “ரோஜா.” கைதட்டினார்கள். இரண்டாவது நெருநெருவென்று மூக்கு நுனியைக் குத்தியது. “துலுக்க சாமந்தி.” மூன்றாவது ஈரமான மெழுகுபோல் சில்லென்று பட்டது. “நர்கிஸ்.”

நான்காவதாக ஒன்றும் படவில்லை. சிரிப்பை அடக்கும் மூச்சு ஒன்று மட்டும் மிக அருகில் கேட்டது. கன்னத்தில் ஒரு கையின் வெப்பம் தெரிந்தது.

“பூ எங்கடீ? உன் வெறுங்கைதான் இருக்கு ஷர்மிளா.”

முற்றம் அதிர்ந்தது. பாரதி அவள் கட்டை அவிழ்த்துவிட்டு, “இன்னும் நாளைக்கு வரைக்கும் யோசிக்கணுமா? ஹுமேராக்கா, உங்க பேருதான்” என்றாள். எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அந்த அணைப்புகளுக்கு நடுவே ஹுமேரா துப்பட்டாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். பிரியாணிக்கே வெங்காயம் முழுவதும் போய்விட்டது. தயிர்ப் பச்சடிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தயிர் வாங்க ராஜம்மாள் மேட்டுத் தெருவுக்குப் போயிருந்தாள். “வீட்டுல இல்லாமலா இருக்கும்?” என்று ஷர்மிளா சமையலறைக்குள் நுழைந்தாள். கூடையில் இல்லை. பிரிட்ஜைத் திறந்தாள். கீழே காய்கறித் தட்டில், செய்தித்தாளின் மேல், பழுப்புத் தோலோடு ஒரு கிலோ இருந்தது.

அதை உரித்து, நறுக்கி, ஒரு பெரிய கிண்ணத்தில் நிரப்பிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

“இன்னாக்கா இது, மலை வெங்காயம் மொக்கையா இருக்கு. ஒரு கிலோ அரிஞ்சிட்டேன், கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல. வாசனையே இல்ல. வழவழன்னு கையில ஒட்டிக்கினு அரிக்குது வேற. நீங்க மோந்து பாருங்க.”

பாரதி டேக்சாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் திரும்பிப் பார்த்தாள். இன்னும் நாலைந்து பேர் பார்த்தார்கள்.

ஹுமேரா கிண்ணத்தை முகத்தருகே வாங்கினாள். இந்த இடத்தில்தான், பிற்காலத்தில் அவள் தன்னையே மன்னிக்காமல் போன ஒன்று நடந்தது. மூக்கு செத்தவருக்கும் வெங்காயம் கண்ணை எரிக்கும். ஏழு ஆண்டுகளாக அந்த எரிச்சல்தான் அவளுக்கு வெங்காயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கிண்ணம் அவள் கண்ணைத் தொடவே இல்லை. அது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால், ‘எனக்கும் வாசனை தெரியவில்லை’ என்ற சொல்லை அன்று அந்த முற்றத்தில், ஒரு மணி நேரத்துக்கு முன் கைதட்டிய அதே ஆட்களுக்கு முன், எப்படிச் சொல்வது? எதை மோந்தாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டிய இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“நல்ல வெங்காயம்தான். வாசனை இருக்குதே. பிரிட்ஜுல இருந்ததால காரம் கம்மியாயிருக்கு, அவ்ளோதான்” என்றாள்.

“அக்காவே சொல்லிட்டாங்க” என்று ஷர்மிளா இரண்டு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

தயிரோடு வந்த ராஜம்மாள், தம் போட்ட மூடிமேல் நெருப்பு அள்ளி வைக்கும் வேலையில் இழுக்கப்பட்டாள். யாரோ தயிரை ஊற்றி, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்தார்கள். இலை போட்டதும் பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் பச்சடி வாங்கிக்கொண்டார்கள்.

“லேசா கசக்குதில்ல?”

“மலைமேல எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஹுமேராக்கா மோந்து பாத்துதானே குடுத்தாங்க.”

பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்த ஹுமேரா ஒரு வாய் எடுத்தாள். நாக்குக்குக் கசப்பு தெரியும். கசப்புக்கு மூக்கு வேண்டாம். தயிருக்கு அடியில் இருந்த அந்தக் கசப்பு அவள் அறிந்த எந்தக் காயின் கசப்பும் அல்ல. தொண்டை நமநமவென்று அரித்தது. அவள் நிமிர்ந்து, “யாரும் பச்சடி துன்னாதீங்க” என்று சொல்ல வாயெடுத்தபோது, வரிசையின் கோடியில் ஷர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

அரை மணி நேரத்துக்குள் ஒன்பது பேரும் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். கோழி கெட்டுப்போயிருந்தது என்றாள் ஒருத்தி. டேக்சாவின் ஈயப்பூச்சு போயிருக்கிறது என்றாள் இன்னொருத்தி. ஷர்மிளாவுக்கு வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. விரல்களெல்லாம் சிவந்து தடித்திருந்தன. எலுமிச்சம்பழம் எடுக்க பிரிட்ஜைத் திறந்த ராஜம்மாளின் குரல் உள்ளிருந்து கேட்டது.

“ஐயோ! என் கெழங்கு எங்க? இந்தத் தட்டுல இருந்த கெழங்க யாரு எடுத்தது? மாடுகூட வாய் வெக்காதாம், கொழந்தைங்களுக்கு எட்டாம வெச்சுக்கோன்னு கோபி படிச்சுப் படிச்சு சொன்னானே!”

குளிர்ச்சியில் தூங்க வைத்திருக்கிறேன் என்று காலையில் அவள் சொன்னது, ஹுமேராவின் காதில் அப்போதுதான் விழுந்தது.

அவள் அழவில்லை. கொல்லைக்குப் போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். பழுப்புத் தோல், வேரோடு அரிந்து எறிந்த அடிப்பாகம், நறுக்கத் தவறிய முழுக் கிழங்கு ஒன்று. முற்றத்தில் போய் ஒரு நர்கிஸ் தண்டையும் பூவோடு பறித்தாள். எல்லாவற்றையும் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். சுகாதார நிலையத்தில் இளம் டாக்டர், “என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டபோது, எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொல்ல, ஹுமேரா பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்தாள்.

“இந்தப் பூவோட கெழங்கு டாக்டர். பச்சையா, தயிர்ல. இந்தப் பொண்ணு எல்லாரையும் விட ஜாஸ்தி துன்னிருக்கா.”

டாக்டர் பூவைப் பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார். வேலை வேகமாக நடந்தது. மாலைக்குள் எட்டுப் பேர் தெளிந்தார்கள். ஷர்மிளாவை மட்டும் ஆம்புலன்ஸில் கீழே அனுப்பினார்கள். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறிற்று. உயிருக்கு ஆபத்தில்லை.

அன்று சுகாதார நிலையத்தின் படியில் பாரதி ஹுமேராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளும் பச்சடி சாப்பிட்டவள்.

“நீங்க மோந்து பாத்தீங்களே அக்கா.”

“எனக்கு மோப்பம் இல்ல மேடம்” என்றாள் ஹுமேரா. “ஏழு வருஷமா இல்ல.”

பாரதி அதை நம்பவில்லை. கண்ணைக் கட்டியபோது எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். உதடும் கன்னமும் சொன்னதை ஹுமேரா சொன்னாள். கம்பெனியில் எப்படி என்று கேட்டாள். ஹுமேரா தன் விரல்களைச் சொன்னாள். பாரதி விரல் மடக்கி நாள் கணக்குப் போட்டாள். ஆறு நாளுக்கு முன் கம்பெனியிலிருந்து கிளம்பிய கன்டெய்னரை அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது ஹுமேராவுக்குப் புரிந்தது. ஹுமேரா மூடிய ஒவ்வொரு பெட்டியின் தாளிலும் பாரதியின் கையெழுத்து இருந்தது.

“இத நீங்க சொல்லல. நானும் கேக்கல” என்று பாரதி எழுந்தாள். “உங்க பேரு நாளைக்குப் போகும். இப்ப மாத்துனா ஏன் மாத்துனன்னு கேப்பாங்க.”

“ஒம்போது பேர் வாந்தி எடுத்தாங்களே, அதக் கேப்பாங்களே மேடம்?”

“வெங்காயம்னு நெனச்சு எடுத்தது யாரு? ஷர்மிளாதானே.”

அப்படியே நடந்தது. திங்கட்கிழமை ஹுமேராவுக்குக் கடைசி மேசை கிடைத்தது. அது வாசலுக்குப் பக்கத்தில், தனியாக, உயரமாக இருந்தது. மோப்பத்துக்கென்று வைத்த ஆள் என்பதால் பெட்டியைத் திறந்து கையை விடுவதற்குக்கூட அங்கே நேரம் தரவில்லை. திறப்பார்கள், நீட்டுவார்கள், அவள் தலையசைக்க வேண்டும், பெட்டி நகர்ந்துவிடும். ஒரு நாளைக்கு அறுநூறு முறை அவள் தலையசைத்தாள்.

ஷர்மிளா வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினாள். கவனக்குறைவான பெண் என்று எழுதி, பேக்கிங்கிலிருந்து அவளை மாற்றியிருந்தார்கள். பேஸ்டிங்கில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஹுமேரா திரும்பிப் போயிருக்க வேண்டிய இடம்.

இருபத்தைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் ஷர்மிளா டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹுமேராவைத் தேடி வந்தாள். வாய் முன்னைப்போல் ஓடவில்லை. விரல் நகங்களில் சொல்யூஷன் மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

“மன்னிச்சுடுக்கா. என்னால உங்களுக்கும் பேஜாரு. நல்லதுன்னு நீங்க சொன்னீங்க, ஆனா நான்தானே மாத்தி எடுத்தேன்.” சோற்றைத் திறந்தாள், மூடினாள். “காலைல இருந்து தலை கிறுகிறுன்னு இருக்கு. அந்த நாத்தத்துல சோறே எறங்கல. கொஞ்ச நாள்ல பழகிடும்ன்றாங்க. பழகிடுமாக்கா? நீங்க எவ்ளோ நாள்ல பழகுனீங்க?”

ஹுமேரா தன் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். நேராகப் போய் மேலாளர் அறைக்கதவைத் தட்டினாள். உள்ளே சுஹேல் அகமதுவோடு பாரதியும் இருந்தாள். ஹுமேரா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: கருகிய பால், வேலூர்ச் சீட்டில் எழுதாமல் விட்டது, விரல், துப்பட்டா, கிண்ணம். பாரதியின் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

சுஹேல் அகமது சிரித்துவிட்டார். “ஹுமேராம்மா, பதினோரு பாக்ஸ் புடிச்சவங்க நீங்க. அந்தப் பொண்ணுக்காகப் பேசறீங்க, தெரியுது.”

“டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க சார்.” அவள் துப்பட்டாவை எடுத்துத் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டாள். கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். “இந்தத் தடவ கையையும் கட்டிடுங்க. எது வெச்சாலும் மூஞ்சில படாம புடிங்க.”

காலடி ஓசை ஒன்று அவள் பின்னால் வந்து நின்றது. பிறகு யாரோ, பாரதியாகத்தான் இருக்க வேண்டும், ஒரு ஷூ லேஸ் கயிற்றால் அவள் மணிக்கட்டைக் கட்டினார்கள். இழுப்பறை திறந்தது. ஏதோ ஒன்று அருகில் வந்து நின்றது.

“தெரியல சார்.”

வேறொன்று வந்தது.

“தெரியல.”

கதவு திறந்து மூடியது. யாரோ வெளியே போய்த் திரும்பினார்கள். இம்முறை நெடுநேரம் ஆயிற்று. அறையில் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது, யாரோ இருமினார்கள். ஹுமேரா இருட்டுக்குள் மூச்சை உள்ளே இழுத்து இழுத்து விட்டாள். கண்ணோரத்தில் லேசாக ஓர் எரிச்சல். மற்றபடி, ஏலகிரியின் பனிக்காற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

“தெரியல சார். வெறுங்கையா?”

கட்டை அவிழ்த்தார்கள். சுஹேல் அகமது கைக்குட்டையால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தார். பாரதி புடவைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். ஹுமேராவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், மூடி திறந்த சொல்யூஷன் டப்பா இருந்தது.

“அந்தப் பொண்ண நாளைக்கே பேக்கிங்குக்கு அனுப்புங்க” என்றார் சுஹேல் அகமது.

“இவங்கள சார்?” என்றாள் பாரதி.

அவர் மேசைமேல் இருந்த காலண்டரைத் திருப்பினார். “பத்தாம் தேதி போன கன்டெய்னர் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“கொழும்பு தாண்டியிருக்கும் சார். இனிமே திருப்பிக் கூப்பிட முடியாது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹுமேரா அவர்களைப் பார்க்கவில்லை. கயிறு அவிழ்ந்த அவள் கை, இருபத்தோரு ஆண்டுப் பழக்கத்தில் தானாக நீண்டு, டப்பாவின் மூடியை எடுத்து, விளிம்பு முழுவதும் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டிருந்தது.